காசியில் துருப்பிடித்த போர் விமானம் பிரிட்டன் வானில் பறந்தது எப்படி? பழைய விமானங்களுக்கு ‘வில்லங்கம்’ போட்டுப் பார்க்கும் ஆர்வலர்கள்!

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் ஒரு குளத்தில் மண் எடுத்தபோது, உருண்டை உருண்டையாகக் கற்கள் வெளியே வந்தன. அவ்வளவுதான், ‘டைனோசர் முட்டை’ என்று வாட்ஸ்அப்பில் போட்டோக்கள் பறந்தன. பிறகு புவியியல் வல்லுநர்கள் ஆய்வு செய்து, அவை முட்டைகள் இல்லை, அம்மோனைட் என்ற பழங்காலக் கடல் உயிரினத்தைச் சுற்றி மண் படிந்து இறுகிய உருண்டைகள் என்று விளக்கினார்கள்.

இதே மாதிரி ஒரு குழப்பம் 1976ல் ஸ்காட்லாந்திலும் நடந்தது. அங்குள்ள லாக் நெஸ் ஏரியில் ‘ராட்சத விலங்கு’ இருப்பதாக ஒரு கதை உண்டு. அதைத் தேடிப் போன அமெரிக்கக் குழுவின் ஒலியலைக் கருவியில் விலங்குக்குப் பதில் விமானம் ஒன்று தென்பட்டது. முதலில் அதை ‘கேட்டலினா’ என்ற கடல் விமானம் என்று நினைத்தார்கள். நீருக்கடியில் கேமராவை இறக்கிப் பார்த்த பிறகுதான் அது ‘வெலிங்டன்’ என்ற பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானம் என்று உறுதியானது.

முட்டையா, அம்மோனைட்டா? கேட்டலினாவா, வெலிங்டனா? பார்த்தவுடனே பெயர் வைத்துவிடுவது சுலபம். சான்றோடு நிரூபிப்பதுதான் கஷ்டம். பழைய பிரிட்டிஷ் விமானங்களைத் தேடி, அடையாளம் கண்டு, மறுபடி உயிர் கொடுக்கும் ஆர்வலர்கள் உலகம் முழுக்க செய்துகொண்டிருப்பது இந்த வேலையைத்தான். அப்படி ஒருவர் இந்தியாவுக்கு வந்ததால் நடந்த கதையையும், பழைய விமானம் ஒன்று நம் கண்ணில் பட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் பார்க்கலாம்.

கொள்ளிடத்துக்கு அக்கரையில் பறந்த வெலிங்டன்

பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களிலும் விமான நிலையம் கிடையாது. ‘நமக்கும் பிரிட்டிஷ் போர் விமானத்துக்கும் என்ன சம்பந்தம்?’ என்று தோன்றலாம். சம்பந்தம் இருக்கிறது, அதுவும் கொள்ளிடம் ஆற்றைத் தாண்டினால் வந்துவிடும் தூரத்தில்.

இரண்டாம் உலகப்போரில் சிங்கப்பூரிலும் ஜாவாவிலும் ஜப்பானிடம் தன் விமானங்களை இழந்த பிரிட்டிஷ் விமானப்படையின் 36வது படைப்பிரிவு, 1942 அக்டோபரில் மறுபடி உருவாக்கப்பட்ட இடம் தஞ்சாவூர். அதற்குக் கொடுக்கப்பட்டவை வெலிங்டன் விமானங்கள். கடலில் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடிக் கண்காணிப்பதுதான் வேலை. 1943 நடுவில் இந்தப் பிரிவு வட ஆப்பிரிக்காவுக்குப் போய்விட்டது.

வெலிங்டனின் உடம்பே ஒரு அதிசயம். அலுமினியக் கலவைப் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக, கூடை முடைவது போலப் பின்னி, மேலே துணி போர்த்தியிருப்பார்கள். பார்ன்ஸ் வாலிஸ் என்ற பொறியாளரின் யோசனை இது. பின்னலில் நாலு இடம் அறுந்தாலும் மற்ற பட்டைகள் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும்.

போர்க்காலத்தில் 11,400க்கும் அதிகமான வெலிங்டன்கள் கட்டப்பட்டன. இன்று உலகத்தில் முழுமையாக எஞ்சியிருப்பவை இரண்டே இரண்டுதான். ஒன்று பிரிட்டனின் ராயல் ஏர்ஃபோர்ஸ் அருங்காட்சியகத்திடம் இருக்கிறது. மற்றொன்று அந்த லாக் நெஸ் ஏரி விமானம். 1940 டிசம்பர் 31 அன்று பயிற்சியின்போது இன்ஜின் பழுதாகி ஏரியில் இறங்கிய அது, 1985 செப்டம்பரில் வெளியே எடுக்கப்பட்டது. 45 வருடம் தண்ணீரில் கிடந்த பிறகும், பேட்டரி இணைப்பு கொடுத்ததும் வால் விளக்கு எரிந்ததாம்! இப்போது அது கட்டப்பட்ட ஊரான புரூக்லேண்ட்ஸ் அருங்காட்சியகத்திலேயே நிற்கிறது.

தமிழ்நாட்டில் ஏன் இத்தனை பழைய ஓடுதளங்கள்?

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. ஏப்ரல் 5ல் கொழும்பு, 6ல் விசாகப்பட்டினம், காக்கிநாடா, 9ல் திருகோணமலை என்று ஜப்பான் விமானங்கள் வரிசையாகக் குண்டு போட்டன. கொழும்பிலும் திருகோணமலையிலும் எதிர்த்துப் போரிட்டவை ஹரிக்கேன் விமானங்கள். அடுத்தது சென்னைதான் என்ற பயத்தில் மக்கள் ஊரைக் காலி செய்த காலம் அது.

உளுந்தூர்பேட்டை, சோழவரம், செட்டிநாடு, கயத்தாறு, சூலூர் என்று தமிழ்நாட்டில் நாம் கேள்விப்படும் பழைய ஓடுதளங்கள் எல்லாம் அந்தப் போர்க்காலத்தவை. சென்னை பரங்கிமலையில் இருந்து 1944ல் லிபரேட்டர் என்ற பெரிய நான்கு இன்ஜின் விமானங்கள் பறந்தன. போர் முடிந்ததும் சூலூர், தஞ்சாவூர் போன்றவை இந்திய விமானப்படையின் தளங்கள் ஆயின. தஞ்சாவூரில் 2020 ஜனவரி முதல் சுகோய்-30 படைப்பிரிவு இருக்கிறது. சோழவரம் கார், பைக் ரேஸுக்குப் பெயர்போனது. உளுந்தூர்பேட்டை ஓடுதளத்தைப் பலரும் பஸ்ஸில் கடந்துபோயிருப்போம், என்னவென்று தெரியாமலேயே.

இடம் மிஞ்சியது. விமானங்கள்? பெரும்பாலானவை பழைய இரும்பாக எடைக்குப் போயின. சில மட்டும் கல்லூரி வளாகங்களிலும் படைத் தளங்களின் மூலையிலும் தப்பிப் பிழைத்தன.

காசியில் கண்ட ஹரிக்கேன்: நடந்தது என்ன?

1982. பழைய ரோல்ஸ் ராய்ஸ் கார்களைத் தேடி இந்தியாவுக்கு வந்தார் பீட்டர் வாச்சர் என்ற ஆங்கிலேயர். வாரணாசியில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு பழைய ஹரிக்கேன் விமானம் வெயிலிலும் மழையிலும் நிற்பதைப் பார்த்தார். அப்போதைக்குப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். 1996ல் மறுபடி வந்து பார்த்தபோதும் அது அங்கேயேதான் நின்றது.

இந்த முறை அதன் எண்ணைப் பிடித்தார்: ஆர் 4118. அந்த எண்ணை வைத்து பிரிட்டனின் ஆவணங்களைப் புரட்டியபோதுதான், துருப்பிடித்து நிற்பது சாதாரண விமானம் இல்லை என்று தெரிந்தது.

* 1940 ஆகஸ்ட்: பிரிட்டிஷ் விமானப்படையின் 605வது படைப்பிரிவில் சேர்ந்தது.
* 1940 செப்டம்பர்: லண்டனைக் காக்கும் சண்டைக்காக கிராய்டன் தளத்துக்கு வந்தது. ‘பிரிட்டன் போர்’ எனப்படும் அந்த வான்போரில் 49 முறை போர்க்களம் போனது. ஐந்து எதிரி விமானங்களை வீழ்த்தியதில் அல்லது சேதப்படுத்தியதில் அதற்குப் பங்கு உண்டு.
* அடிபட்டு, பழுதுபார்க்கப்பட்டு, பிறகு பயிற்சி விமானமாக ஓடியது.
* 1943 கடைசியில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டது.
* போர் முடிந்த பிறகு, பொறியியல் மாணவர்கள் பார்த்துப் படிக்க பனாரஸ் பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கப்பட்டது.

அதாவது, பிரிட்டனைக் காப்பாற்றிய போரில் நேரடியாகக் கலந்துகொண்ட ஒரு விமானம், அரை நூற்றாண்டாகக் காசியில் நின்றிருக்கிறது. பக்கத்திலேயே எத்தனை தலைமுறை மாணவர்கள் நடந்து போயிருப்பார்கள்!

பல வருடப் பேச்சுவார்த்தை, அனுமதி, கடிதப் போக்குவரத்து. கடைசியில் 2001ல் ஆர் 4118 இந்தியாவை விட்டுக் கிளம்பியது. பிரிட்டனில் ஹாக்கர் ரெஸ்டோரேஷன்ஸ் என்ற நிறுவனம் அதைப் பிரித்து மேய்ந்து சீரமைத்தது. 2004 டிசம்பர் 23 அன்று அது மறுபடி வானில் ஏறியது. 1940ல் அதே விமானத்தை ஓட்டிய பாப் ஃபாஸ்டர் என்ற முன்னாள் விமானி, முதிய வயதில் அதைத் திரும்பப் பார்த்தார்.

மொத்தம் 14,500 ஹரிக்கேன்கள் கட்டப்பட்டன. இன்று பறக்கும் நிலையில் இருப்பவை மிகச் சொற்பம். அதில் 1940 வான்போரை நேரில் பார்த்தவை இன்னும் குறைவு. அதனால்தான் காசி விமானத்துக்கு இவ்வளவு மவுசு.

அடையாளம் காண்பது எப்படி? 3 படிகள்

நிலம் வாங்கப் போனால் என்ன செய்வோம்? முதலில் இடத்தைப் பார்ப்போம். அடுத்து சர்வே எண்ணைக் கேட்போம். பிறகு வில்லங்கச் சான்று போட்டு, யாரிடம் இருந்து யாருக்குக் கைமாறியது என்று பார்ப்போம். விமானத்துக்கும் அதே மூன்று படிதான்.

படி 1: உருவம்

சாலை ஓரத்திலோ கல்லூரி வாசலிலோ மேடை கட்டி நிறுத்தியிருக்கும் பழைய விமானங்களைப் பார்த்தால், இவற்றைக் கவனியுங்கள்:

* டைகர் மாத்: மேலே ஒன்று கீழே ஒன்று என இரட்டை இறக்கை. முன்னும் பின்னும் திறந்த இரண்டு இருக்கைகள். பயிற்சி விமானம்.
* ஹரிக்கேன்: முதுகு லேசாகக் கூன் போட்டது போல இருக்கும். உடம்பின் பின்பாதி துணி போர்த்தியது. சக்கரங்கள் உள்பக்கமாக மடங்கும்.
* ஸ்பிட்ஃபயர்: நீள்வட்ட வடிவ இறக்கை. சக்கரங்கள் வெளிப்பக்கமாக மடங்கும்.
* வேம்பயர்: பின்னால் இரண்டு தண்டு நீண்டு வாலைப் பிடித்திருக்கும். 1948ல் இந்தியாவுக்கு வந்த முதல் ஜெட் போர் விமானம். மூக்கும் விமானி அறையும் மரப்பலகையால் ஆனவை என்றால் நம்ப முடிகிறதா?
* ஹன்டர்: பின்னோக்கிச் சாய்ந்த இறக்கை. அது உடம்போடு சேரும் இடத்தில் முக்கோணக் காற்று வாய். 1971 லாங்கேவாலா சண்டையில் பாகிஸ்தான் டாங்கிகளை ஒரு கை பார்த்தது இதுதான்.
* நாட்: பக்கத்தில் போய் நின்றால் ‘இவ்வளவு சின்னதா!’ என்று தோன்றும். இறக்கையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் 7 மீட்டர்கூட இல்லை. பிரிட்டனில் பிறந்தாலும் பெங்களூருவில் பெருமளவு கட்டப்பட்டது.
* கேன்பெரா: இரண்டு இறக்கைகளிலும் உருளை உருளையாக ஒவ்வொரு ஜெட் இன்ஜின். 2007 வரை இந்திய விமானப்படையில் இருந்தது.

படி 2: எண்ணும் தகடும்

உருவம் வகையை மட்டும்தான் சொல்லும். ‘இது ஹரிக்கேன்’ என்பது சாதிப் பெயர் மாதிரி. ‘இது ஆர் 4118’ என்பதுதான் அந்த விமானத்தின் சொந்தப் பெயர்.

பிரிட்டிஷ் விமானங்களில் ஒரு எழுத்தும் நாலு எண்களும், அல்லது இரண்டு எழுத்தும் மூன்று எண்களும் இருக்கும். டெல்லி பாலம் அருங்காட்சியகத்தின் ஸ்பிட்ஃபயர் எண் என்.எச். 631. சுதந்திரத்துக்குப் பிறகு இந்திய விமானப்படை தனி எண் வரிசைகளைக் கொடுத்தது. எச்.யு. என்றால் டைகர் மாத், எச்.எஸ். என்றால் ஸ்பிட்ஃபயர், எச்.ஏ. என்றால் டெம்பஸ்ட், பி.ஏ. என்றால் ஹன்டர், ஐ.இ. என்றால் நாட்.

இங்கேதான் ஒரு பெரிய சிக்கல். காட்சிக்கு வைத்த விமானத்துக்கு வருடா வருடம் எனாமல் பெயின்ட் அடிப்பார்கள். எண் மறைந்துவிடும். சில இடங்களில் வேறு எண்ணை, வேறு சின்னத்தைக்கூட எழுதிவிடுவார்கள். அதனால் ஆர்வலர்கள் வெளியே எழுதியிருப்பதை அப்படியே நம்ப மாட்டார்கள். விமானி அறைக்குள் இருக்கும் தயாரிப்புத் தகடு, பாகங்களில் அடித்த முத்திரை, பெயின்ட் உரியும் இடத்தில் தெரியும் அடி அடுக்கு ஆகியவற்றைத் தேடுவார்கள்.

சின்னத் துண்டு கிடைத்தாலும் போதும். கிரீடம் போட்டு ‘ஏ.எம்.’ என்று இருந்தால் அது பிரிட்டனின் விமானத் துறை அமைச்சகத்தின் சொத்து. ‘6ஏ’ என்று தொடங்கினால் விமானி அறைக் கருவி. பாக எண் ‘300’ என்று தொடங்கினால் அது ஸ்பிட்ஃபயர் வரைபடத்தில் பிறந்த பாகமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

படி 3: காகிதம்

எண் கிடைத்துவிட்டதா? இனி வில்லங்கம் போட வேண்டியதுதான். பிரிட்டிஷ் விமானப்படை ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு நகர்வு அட்டை வைத்திருந்தது. எந்தத் தொழிற்சாலையில் இருந்து எந்தப் பிரிவுக்கு, என்றைக்குப் போனது என்பதெல்லாம் அதில் இருக்கும். விபத்துக்குத் தனி அட்டை. ஒவ்வொரு படைப்பிரிவும் தினசரி எழுதிய நடவடிக்கைக் குறிப்பேடுகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. எந்த விமானத்தை எந்த விமானி, எத்தனை மணிக்கு எடுத்துப் போனார் என்பது வரை பதிவாகியிருக்கும்.

இதோடு விமானிகளின் சொந்த லாக் புத்தகங்களை ஒப்பிடுவார்கள். இறந்தவர்கள் என்றால் கல்லறைப் பதிவுகளையும் பார்ப்பார்கள். சென்னை நந்தம்பாக்கத்தில் உள்ள போர்க் கல்லறையில் இரண்டாம் உலகப்போரில் இறந்த 850க்கும் மேற்பட்டவர்கள் உறங்குகிறார்கள். ஒவ்வொரு கல்லிலும் பெயர், படைப்பிரிவு, தேதி இருக்கும். இந்தத் தேதியும் படைப்பிரிவின் குறிப்பேடும் பொருந்தினால் ஒரு முடிச்சு அவிழும்.

லாக் நெஸ் விமானத்துக்கு நடந்ததும் இதுதான். ஆவணத்தைப் பார்த்த பிறகுதான், அது 1939 டிசம்பர் 18 அன்று ஜெர்மனி கடலோரத்தில் நடந்த ஹெலிகோலாண்ட் தாக்குதலில் கலந்துகொண்டு தப்பி வந்த விமானம் என்று தெரிந்தது. அதன் பிறகே அதை ஏரியில் இருந்து எடுக்கப் பணமும் ஆளும் சேர்ந்தன.

காகிதம் இல்லாவிட்டால்? மியான்மர் சொல்லும் பாடம்

எல்லாத் தேடலும் ஜெயிப்பதில்லை. போர் முடிந்தபோது பர்மாவில் பெட்டி பெட்டியாக ஸ்பிட்ஃபயர்களை மண்ணுக்குள் புதைத்துவிட்டார்கள் என்று ஒரு பேச்சு இருந்தது. டேவிட் கண்டல் என்ற பிரிட்டன் விவசாயி அதை நம்பிப் பல வருடம் அலைந்தார். 2013 ஜனவரியில் ஒரு வீடியோ கேம் நிறுவனத்தின் பணத்தில், யாங்கூன் விமான நிலையத்தில் தோண்டும் வேலையே தொடங்கியது. உலக மீடியா எல்லாம் அங்கே கூடியது.

கிடைத்தது? ஒரு ஸ்பிட்ஃபயர்கூட இல்லை. கூடவே போன தொல்லியல் ஆய்வாளர்கள் ஆவணங்களைப் பார்த்துவிட்டு, புதைத்ததற்கான சான்றே இல்லை என்றார்கள். சிலரின் நினைவில் மட்டும் இருந்த விமானங்கள் அவை. குன்னத்து ‘முட்டை’ மாதிரிதான் இதுவும்.

சீரமைப்பு: பாதியை மாற்றினால் அது பழைய விமானமா?

துருப்பிடித்த விமானத்தைப் பறக்க வைப்பது பெயின்ட் அடிக்கிற வேலை இல்லை. முதலில் ஒவ்வொரு பாகமாகப் பிரிப்பார்கள். எந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்று போட்டோவும் சீட்டும் போட்டு வைப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் கண்டுபிடிக்கச் சோதனைகள் நடக்கும். தேறும் பாகம் ஒரு பக்கம், தேறாதது ஒரு பக்கம்.

ஹரிக்கேனின் எலும்புக்கூடு எஃகுக் குழாய்களால் ஆனது. இறக்கையைத் தாங்கும் முக்கியச் சட்டம், எஃகுத் தகட்டைப் பல கோணக் குழாயாகச் சுருட்டிச் செய்தது. அந்தக் கலை போரோடு மறைந்துவிட்டதால், ஹாக்கர் ரெஸ்டோரேஷன்ஸ் அதை மறுபடி கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அடுத்து மரச் சட்டங்கள். அதன் மேல் துணி. துணி விறைப்பாக நிற்க ‘டோப்’ என்ற வார்னிஷ் போன்ற திரவம் பல பூச்சு. கடைசியில் 12 சிலிண்டர், 27 லிட்டர் ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் இன்ஜின்.

நம் ஊர் வெயிலும் ஈரமும் மர விமானங்களுக்குப் பரம எதிரி. 1944ல் இந்தியா, பர்மா பகுதியில் ‘மஸ்கிட்டோ’ என்ற மர விமானங்கள் சில வானிலேயே உடைந்து விழுந்தன. எல்லாவற்றையும் தரையிறக்கி, ஒட்டிய மூட்டுகளைச் சோதித்த பிறகே பறக்க விட்டார்கள்.

சரி, இத்தனையும் மாற்றினால் அது எப்படிப் பழைய விமானம்? ஆர்வலர்கள் மத்தியில் தீராத சண்டை இது. நம் ஊர் கோயில் தேரை நினைத்துப் பாருங்கள். சக்கரம் மாறும், அச்சு மாறும், சட்டம் மாறும். ஆனாலும் அது அதே சாமியின் அதே தேர்தான். ஏனென்றால் திருப்பணி தொடர்ந்து நடந்ததை ஊரே பார்த்திருக்கிறது.

விமானத்திலும் அதே நியாயம்தான். எது அசல், எது புதுசு என்று பதிவு இருந்தால் நேர்மையான சீரமைப்பு. வெறும் தகட்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் புதிதாகக் கட்டி, ‘இது 1940 விமானம்’ என்று விற்றால்? அதைத்தான் ஆர்வலர்கள் கேள்வி கேட்கிறார்கள். காசி ஹரிக்கேனுக்கு மதிப்பு கூடியதற்கு இதுவும் காரணம். போருக்குப் பிறகு யாரும் அதைப் பெரிதாகக் கை வைத்து மாற்றவில்லை.

இந்தியாவால் செய்ய முடியாதா?

செய்திருக்கிறது. போர் முடிந்ததும் கான்பூரில் ஏராளமான லிபரேட்டர் விமானங்களை, மறுபடி பறக்க முடியாதபடி சேதப்படுத்திவிட்டுப் போனார்கள். அமெரிக்காவில் கட்டி, பிரிட்டிஷ் விமானப்படை பயன்படுத்தியவை அவை. 1948ல் பெங்களூரு எச்.ஏ.எல். நிறுவனத்தின் ஆட்கள் அங்கே போய், ஒன்றின் பாகத்தை இன்னொன்றுக்குப் போட்டு ஒப்பேற்றினார்கள். சோதனை விமானி ஜாம்ஷெட் முன்ஷி அவற்றை ஓட்டிக்கொண்டு பெங்களூரு வந்தார். இப்படி 42 விமானங்கள் தேறின. 1968 வரை அவை இந்தியாவில் பறந்தன. அதில் ஒன்று இன்று பிரிட்டன் அருங்காட்சியகத்திலேயே நிற்கிறது!

இந்திய விமானப்படை 2012ல் தன் பழைய டைகர் மாத் ஒன்றைச் சீரமைத்து, விமானப்படை தின விழாவில் ஹிண்டன் தளத்தில் பறக்கவிட்டது. ஆனால் சீரமைப்பு வேலை நடந்தது பிரிட்டனில்.

பாலம் அருங்காட்சியகத்தில் வாப்பிட்டி, ஹரிக்கேன், ஸ்பிட்ஃபயர், டெம்பஸ்ட் ஆகியவை உள்ளன. 1933 ஏப்ரல் 1ல் கராச்சியில் இந்திய விமானப்படை முதல் படைப்பிரிவைத் தொடங்கியது நாலு வாப்பிட்டி விமானங்களோடுதான். கோவாவில் உள்ள கடற்படை விமான அருங்காட்சியகத்தில் ஃபயர்ஃபிளை, சீ ஹாக், சீ ஹாரியர் போன்றவற்றைப் பார்க்கலாம்.

போனவையும் உண்டு. 1970களின் கடைசியில், நம் படைத் தளங்களில் கிடந்த பல ஸ்பிட்ஃபயர், டெம்பஸ்ட் விமானங்கள் வெளிநாட்டு ஆர்வலர்கள் கைக்குப் போயின. அவற்றில் சில இன்று அங்கே பறக்கின்றன.

சட்டம் காப்பாற்றாதா?

1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி, ஒரு பொருள் தொல்பொருள் ஆக பொதுவாக 100 வயது ஆகியிருக்க வேண்டும். தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துப்போக முடியாது. ஆனால் ஆர் 4118 கிளம்பியபோது அதன் வயது 61தான். இரண்டாம் உலகப்போர் விமானங்கள் 100 வயதைத் தொட 2040கள் ஆகிவிடும். வெயிலில் நிற்கும் இரும்பும் மரமும் அதுவரை தாங்குமா?

காசி விமானம் போனது சரியா, தவறா? இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. போகாமல் இருந்திருந்தால் துருப்பிடித்தே உதிர்ந்திருக்கலாம். அதே நேரம், அதன் எண்ணை இங்கேயே ஒருவர் எடுத்துத் தேடியிருந்தால், அது வாரணாசியின் பெருமையாக இன்றும் இங்கேயே இருந்திருக்கலாம்.

நம் பகுதியில் ஏதாவது கிடைத்தால் என்ன செய்வது?

* தொடாதீர்கள். குண்டு, தோட்டா போல எது தெரிந்தாலும் விலகி நின்று 100க்கு அல்லது 112க்குப் போன் செய்யுங்கள். 80 வருடம் ஆனாலும் வெடிமருந்து வெடிமருந்துதான்.
* பழைய கருவிகளின் டயலைச் சுரண்டாதீர்கள். இருட்டில் ஒளிர ரேடியம் கலந்த பெயின்ட் பூசியிருப்பார்கள். முள் ஒளிராமல் போனாலும் கதிர்வீச்சு போகாது.
* போட்டோ எடுங்கள். முழு உருவம், பிறகு எண், முத்திரை, தகடு. பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து எடுத்தால் அளவு தெரியும்.
* இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பொருளை எடுத்துவிட்டால், அது எங்கே, எந்த ஆழத்தில் கிடந்தது என்ற பாதித் தகவல் போய்விடும். கிராம நிர்வாக அலுவலரிடமும் காவல் நிலையத்திலும் சொல்லுங்கள்.
* தகட்டைக் கழற்றாதீர்கள், எடைக்குப் போடாதீர்கள். அந்தச் சின்னத் தகடு போனால் விமானத்தின் பெயரே போய்விடும்.
* கல்லூரியில் பழைய விமானம் நின்றால்: அடுத்த முறை பெயின்ட் அடிக்கும் முன் நிர்வாகத்திடம் சொல்லி எல்லா எண்களையும் பதிவு செய்யுங்கள். இருப்புப் பதிவேட்டில் அது எப்போது, எங்கிருந்து வந்தது என்ற குறிப்பு இருக்கும். அதை ஸ்கேன் செய்து வையுங்கள்.
* ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். சண்டைக் காலத்து நினைவுகள் இருந்தால் செல்போனில் பதிவு செய்யுங்கள். அது சான்றாகாது, ஆனால் எங்கே தேடலாம் என்று காட்டும்.

ஏன் இது முக்கியம்?

குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்தபோது, மாணவர்களுக்காக அங்கே நிறுத்தியிருந்த இரண்டு பழைய விமானங்கள் தன்னை எப்படிக் கவர்ந்தன என்று அப்துல் கலாம் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். மற்றவர்கள் கடந்து போன இடத்தில் அவர் நின்று பார்த்தார். காசியிலும் விமானம் நின்றது, மாணவர்களும் இருந்தார்கள். ஆனால் ‘இதன் எண் என்ன?’ என்று கேட்டு ஆவணம் தேடியது, கார் தேடி வந்த ஒரு வெளிநாட்டுக்காரர்.

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கிறது. 1940ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் அது என்னவென்று சொன்னார். இன்று வேலி போட்டு, பலகை வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து பார்க்கும் இடம் அது. அவர் சொல்லாமல் போயிருந்தால் அதுவும் வெறும் பாறைதான். அதே 1940ல்தான் ஆர் 4118 முதன்முதலாகப் பறந்தது. கல்மரம் இன்றும் நம்மிடம் இருக்கிறது, விமானம் இல்லை.